மூக்கணாங்கயிறு நீங்கிய கரடிகள்

நம் பாட்டியாரிடத்தில் ஒரு செப்புத் தாயத்து உண்டு. அதனுள்ளே இருப்பது மந்திரத் தகடன்று, கரடியின் மயிர். நம் தந்தையார் மூன்று வயதுக் குழந்தையாயிருந்தபோது இரவில் வீரிட்டு அழுவாராம். ஒருநாள் தெருவிற் கரடி வித்தைக்காரன் ஒருவன் வந்தான். பாட்டியார் அவன் கையிற் காசு கொடுத்துப் பிள்ளையைக் கரடியின் முதுகில் ஏற்றிச் சுற்றிவரச் செய்து, அதன் மயிர் நான்கையும் கேட்டு வாங்கித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பிற் கட்டினார். அன்றோடு பயந் தெளிந்ததென்று இன்றும் சாதிப்பார். அந்தக் கரடி எப்படியிருந்ததென்று நாம் ஒருமுறை வினவியபோது, “மூக்கிலே கயிறு போட்டிருந்தான், பாவம்” என்றார். அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. அக்கயிற்றைப் பற்றியும், அது அறுக்கப்பட்ட பின்னர் அவ்விலங்குகளின் வாழ்வு எவ்வாறாயிற்று என்பது பற்றியும் இக்கட்டுரையிற் சிறிது கூறப் புகுகின்றோம்.

வித்தைக்காரர் ஆட்டிவந்தது பெரும்பாலும் தேன் கரடி என்னும் இனம். இந்தியாவிலும் நேபாளத்திலும் இலங்கையிலும் இது வாழ்கின்றது. நம் முன்னோர் கரடியை எண்கு என்றும் உளியம் என்றும் வழங்கினர். நிகண்டு கற்றார் குடாவடி என்னும் பெயரையும் அறிவர். வளைந்த அடியையுடையது என்பது அதன் பொருள். சங்கச் சான்றோர் எண்கினைப் பாடுமிடங்களிற் பெரும்பாலும் இரண்டு செயல்களையே எடுத்துக் கூறுவர். ஒன்று, புற்றினைக் கிண்டி அகத்துள்ளதை உண்ணுதல். மற்றொன்று, உதிர்ந்த இருப்பைப் பூவை விரும்பித் தின்னுதல். இக்காலத்து விலங்கு நூலார் காட்டில் ஆண்டுக்கணக்கிற் பின்றொடர்ந்து ஆராய்ந்து கூறுவதும் ஏறத்தாழ இதுவே. கறையானும் எறும்பும் தேனும் பழமுமே இதன் உணவு.

அவ்வுணவுக்கு இதன் உடல் அமைந்திருக்கும் வகை வியக்கத்தக்கது. மற்றைக் கரடிகளுக்குப் பற்கள் 42, இதற்கோ 40. மேல்வாயின் நடு முன்பற்கள் இரண்டும் இயல்பாகவே இல்லை. நீண்ட நகங்களாற் புற்றைப் பிளந்து, மூக்கினாற் புழுதியை ஊதித் தள்ளி, பின் மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழல்போற் குவித்து, பல்லில்லாத அவ்விடைவெளி வழியே கறையானை உறிஞ்சுகின்றது. அவ்வோசை காட்டில் நெடுந்தூரம் கேட்கும். 1791-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து பெயரிட்ட ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலேயர், அந்நகங்களையும் பல்லிடைவெளியையும் கண்டு மயங்கி, தென்னமெரிக்க மரங்களிற் றலைகீழாய்த் தொங்கும் சோம்பல் விலங்கின் உறவென்று இதனைத் தீர்மானித்துவிட்டார். பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. ஆயினும் ஆங்கிலப் பெயரில் இன்றும் அச்சோம்பல் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றது. புற்றை உடைத்து உண்ணும் பிராணியைச் சோம்பேறி என்பது சிறிது கொடுமைதான்.

ஆக, மூக்கும் பல்லும் நகமும் இவ்விலங்குக்குக் கைத்தொழிற் கருவிகள். தெருவில் ஆட்டுவோர் சிதைத்தவையும் இம்மூன்றுமே.

அது நிகழ்ந்த முறையைக் கூறாமல் மேற்செல்ல இயலாது. தாய்க்கரடி பாறையிடுக்கிலோ நிலத்துளையிலோ ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். வெளியே வந்தபின் குட்டிகள் தாயின் முதுகு மயிரைப் பற்றி ஏறிக்கொள்ளும். இவ்வாறு முதுகிற் சுமந்து திரிவது கரடியினங்களுள் இதற்குரிய சிறப்பு. இரண்டாண்டுக்கு மேலும் குட்டிகள் தாயோடு திரிந்து எங்கே எதனை எப்படித் தேடுவதென்று கற்கின்றன. திருட்டு வேட்டையாடுவோன் பெரும்பாலும் தாயைக் கொன்றே குட்டியைக் கொணர்வான். பின்னர், ஓராண்டு நிரம்பும் முன்னரே, பழுக்கக் காய்ச்சிய இருப்பூசி ஒன்றை அக்குட்டியின் மூக்கில் ஊடுருவச் செலுத்தி அவ்வழியே கயிறு கோப்பர். மயக்க மருந்து யாதுமில்லை. கோரைப் பற்களைத் தட்டி எடுப்பர், நகங்களை வெட்டுவர்.

எருதுக்கும் மூக்கணாங்கயிறு உண்டே என்று கேட்கலாம். எருதின் கயிறு மூக்குத் துளைகளின் இடையேயுள்ள மெல்லிய சவ்வினூடே செல்வது, புண் ஆறிவிடும். கரடியின் கயிறோ அதன் முகத்திலேயே மிக நுண்ணிய உணர்ச்சியுள்ள உறுப்பைத் துளைத்துச் செல்வது. கயிறு நாடோறும் இழுக்கப்படுதலாற் புண் ஆறுவதேயில்லை. திறந்த புண்ணிற் சீழ் கோப்பதும் புழு வைப்பதும் உண்டு. துளை கிழிந்துபோனால் வேறிடத்தில் மீண்டும் துளையிடுவர். அதனைக் கரடியின் நடனம் என்று உலகம் சொல்லிவந்தது. டமருகத்தின் தாளத்துக்கு அது எழவில்லை. கயிறு மேல்நோக்கி இழுக்கப்படும்போது, நோவு குறையும்பொருட்டு முன்காலைத் தூக்கி நிமிர்கின்றது, அவ்வளவே. கூடி நின்று கைதட்டியவர்கள் இதனை அறிந்திருந்தால் காசு எறிந்திருப்பார்களா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. நம் பாட்டியார் எறிந்திருக்க மாட்டார் என்றே நம்புகின்றோம்.

நிற்க. இதற்குச் சட்டம் இல்லாமலிருந்ததா என்றால், இருந்தது. விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் சட்டம் 1960-இல் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி காட்டு விலங்கு அரசின் உடைமை. தேன் கரடி இப்போது அச்சட்டத்தின் முதல் அட்டவணையில், மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய உயிர்களின் வரிசையில் உள்ளது. அவ்வட்டவணை உயிர்களைப் பற்றிய குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். இத்தனையும் ஏட்டில் இருக்க, ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் செல்லும் பெருஞ்சாலைகளில், அயல்நாட்டுப் பயணிகளின் வண்டிகளை எதிர்நோக்கிக் கரடிகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. 1990-களின் நடுவில் எடுக்கப்பட்ட கணக்கீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 1,200 கரடிகள் இவ்வாறு ஆடிக்கொண்டிருந்தன.

இவ்விடத்தில்தான் நாம் சொல்ல விரும்பும் பொருள் இருக்கின்றது. வனத்துறை அலுவலர் ஒருவர் சாலையில் ஒரு கரடியைப் பறிமுதல் செய்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பயிரை மேய்ந்த மாடாயின் பட்டியில் அடைக்கலாம். கள்ளச் சாராயமாயின் கொட்டிவிடலாம். கடத்தல் மரமாயின் கிடங்கில் அடுக்கிப் பூட்டலாம். கரடியை எங்கே வைப்பது? காட்டில் விட்டால் அது பசியாற் சாகும். விலங்குக் காட்சிச்சாலையார் மூக்கறுந்த, பல்லிழந்த, நோயுற்ற பிராணியை விரும்பி ஏற்பதில்லை. ஆகவே கண்டும் காணாததுபோற் போய்விடுதலே அலுவலர்க்கு எளிதாயிற்று. சட்டம் செயற்படாமைக்குக் காரணம் கருணையின்மை மட்டுமன்று; இடமின்மையுமாகும். ஒரு கொட்டகையும் ஒரு மருத்துவரும் ஒரு சமையற்காரரும் இல்லாத குறையால் ஒரு சட்டம் பல்லாண்டு கிடையாய்க் கிடந்தது.

அவ்விடம் பின்னர் அமைந்தது. 1995-இல் கார்த்திக் சத்தியநாராயணன், கீதா சேஷமணி என்னும் இருவர் தோற்றுவித்த வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் சங்கத்தார், உத்தரப் பிரதேச வனத்துறையாரோடு உடன்படிக்கை செய்து, 1999-இல் ஆக்ராவுக்கு அருகே கரடிப் புகலிடம் ஒன்றை நிறுவினர். தில்லி செல்லும் பெருஞ்சாலையை அடுத்துக் கீட்டம் என்னும் ஏரி உளது. சூர் சரோவர் என்பது அதன் மறுபெயர். கண்ணொளியின்றியே கண்ணனைப் பாடிய சூர்தாசர் என்னும் ஹிந்திக் கவிஞர் அப்பக்கத்தில் வாழ்ந்தாரென்பது மரபு. அவ்வேரியைச் சூழ்ந்த பறவைச் சரணாலயத்தின் உள்ளேயே புகலிடம் அமைந்தது. அங்குச் சேர்ந்த கரடிகளுட் சில கண்ணிழந்தவை. 2002-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதற் கரடிகள் வந்து சேர்ந்தன. பின்னர் 2005-இல் பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டாவிலும், மற்றும் போபாலிலும், மேற்கு வங்காளத்துப் புருலியாவிலும் இத்தகைய இடங்கள் ஏற்பட்டன. 2009-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்தியத் தெருக்களில் ஆடிய கரடிகளுட் கடைசியெனப்பட்ட ராஜு பன்னேர்கட்டாவுக்கு வந்தது. முதற்கரடி வந்ததற்கும் கடைசிக் கரடி வந்ததற்கும் இடையே சரியாக ஏழே ஆண்டுகள்! 1972-இலிருந்து முப்பதாண்டு முடியாதது, வைக்க இடம் கிடைத்ததும் ஏழாண்டில் முடிந்தது. இவ்வாறு மீட்கப்பட்டவை 600-க்கு மேல்.

வந்து சேர்ந்த கரடிக்கு முதலிற் செய்வது யாது? கயிற்றை அறுப்பதென்றே நாம் எண்ணுவோம். அதற்கும் முன்னர் அதனைத் தனியே வைக்கின்றனர். இக்கரடிகள் மனிதரோடு குடிசையிலும் சந்தையிலும் நெருங்கி வாழ்ந்தவையாதலால், மனிதரைப் பற்றும் காசநோய் இவற்றிற் பலவற்றைப் பற்றியிருந்தது. காட்டிலுள்ள கரடிக்கு மனிதரிடமிருந்து இந்நோய் வர வழியில்லை. இது நாம் கொடுத்தது. தனி வைப்பில் இரத்தமும் பிறவும் ஆராய்ந்து, பின் ஊசியால் மயக்கிக் கயிற்றை வெட்டி எடுக்கின்றனர். கயிறு சிலவற்றிற் சதையோடு சதையாய்ப் பின்னிக் கிடக்கும். வெட்டி எடுப்பது சில நிமிஷ வேலை. அப்புண்ணைக் கழுவி ஆற்றுவது வாரக்கணக்கான வேலை. அடுத்தது வாய். தட்டி உடைத்த பற்களின் வேர்கள் ஈற்றுக்குள்ளே அழுகிக் கிடக்கும். பல் மருத்துவர் அவ்வேர்களை ஒவ்வொன்றாய் எடுத்தாலன்றி அக்கரடி நோவின்றி உண்ண மாட்டாது.

உணவு கூழ். தானியத்தைக் காய்ச்சிப் பாலும் முட்டையும் தேனும் கூட்டிக் கொடுக்கின்றனர். தர்ப்பூசணி முதலிய பழங்களும் உண்டு. பல்லில்லாக் கிழவர்க்கு நம் வீடுகளிற் செய்வதைப் போன்றதே. ஆட்டிய காலத்தில் இவற்றுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆட்டியவனுக்குக் கிடைத்ததே: காய்ந்த ரொட்டித் துண்டு. எலும்பு மெலிந்தும் கண் மங்கியும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உடற்புண் ஆறினாலும் வேறொன்று எளிதில் ஆறுவதில்லை. நான்கடிக் கயிற்றில் ஆண்டுக்கணக்காய்க் கட்டுண்டிருந்த கரடி, கட்டவிழ்த்த பின்னும் அந்நான்கடிக்குள்ளேயே முன்னும் பின்னும் உலவும். நின்ற இடத்திலேயே தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டிருக்கும். தன் பாதத்தைத் தானே சப்பிக்கொண்டிருக்கும். கயிறு மூக்கை விட்டுப் போயிற்று. உள்ளத்தை விட்டுப் போகவில்லை. இதற்கு மருந்து வேலை கொடுத்தல். மரக்கட்டையிற் றுளையிட்டு உள்ளே தேனைத் தடவி வைக்கின்றனர். நாக்காலும் நகத்தாலும் அதனை வெளிக்கொணர அரைநாள் ஆகும். பழத்தை மண்ணிற் புதைத்து வைக்கின்றனர். ஏறுவதற்குப் பரணும், படுப்பதற்குத் தொங்கு படுக்கையும், வெயிற் காலத்துக்குக் குளமும் அமைக்கின்றனர். முதலில் ஒரு சிறு வேலிக்குள் வேறு கரடிகளோடு பழகவிட்டு, பின்னர் மரமும் புதருமுள்ள பெரிய அடைப்பில் விடுகின்றனர். மண்ணைத் தோண்டுவதென்பது கரடிக்கு மீன் குஞ்சுக்கு நீச்சல்போல் இயல்பென்று நாம் நினைத்திருந்தோம். தாயிடமிருந்து இரண்டு மூன்று மாதத்தில் பிரிக்கப்பட்ட ஒன்று இருபதாம் வயதில் அதனைத் தானே தேடிக் கற்க வேண்டியிருக்கின்றது. சில கற்கின்றன.

இனி, படிப்போருள் பலர் மனத்தில் எழும் வினாவுக்கு வருவோம். இவ்வளவும் செய்தபின் காட்டில் விட்டுவிடுவதுதானே? நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்; மீட்பு என்ற சொல்லே அவ்வெண்ணத்தைத் தருகின்றது. ஆனால் கோரைப் பல்லில்லாத கரடி காட்டில் மற்றொரு கரடியையோ புலியையோ எதிர்க்க மாட்டாது. நகம் சிதைந்தது புற்றைப் பிளக்க மாட்டாது. இருப்பை எம்மாதம் பூக்கும், நீர் எங்கே வற்றாது என்பவற்றைக் கற்பிக்கத் தாயில்லை. எல்லாவற்றினும் பெரிது, மனிதனைக் கண்டால் விலகியோடும் அச்சம் அதற்கில்லை. பசித்தால் நேரே ஊருக்குள் வரும். தேன் கரடி வெருண்டால் மனிதரைக் கொடிதாகத் தாக்கும் விலங்கென்பதைக் காட்டோரத்து மக்கள் நன்கு அறிவர். எனவே இக்கரடிகள் சாகுமளவும் வேலிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். நன்கு பேணினால் இவ்வினம் முப்பது ஆண்டு வரை வாழ வல்லது. 2003-இல் ஐந்து வயதுக் கரடியைப் பறிமுதல் செய்த அரசு, 2028 வரையிலும் அதற்குக் கூழ் காய்ச்சக் கடமைப்படுகின்றது. முதுமையில் மூட்டுவாதமும் கண்படலமும் ஈரற் கட்டியும் வரும். அவற்றுக்கும் மருத்துவம் வேண்டும். பறிமுதல் செய்த நாளிற் புகைப்படம் எடுக்கப் பலர் வருவர். இருபதாம் ஆண்டிற் கூழுக்குப் பணம் கேட்டால் யார் வருவர்? கைப்பற்றுதல் ஒருநாட் செயல். அதனாற் பிறக்கும் கடன் ஒரு தலைமுறைக் காலத்தது.

இக்கடனைக் கருதாமற் கைப்பற்றினால் நேர்வது யாது என்பதற்கு நம் அயல்நாடாகிய நேபாளத்தில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். 2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நாட்டுக் காவற்றுறையார் விலங்கு நலச் சங்கத்தாரின் துணையோடு இரண்டு தேன் கரடிகளை ஆட்டுவோரிடமிருந்து மீட்டனர். ரங்கீலா என்பது 19 வயது ஆண். ஸ்ரீதேவி என்பது 17 வயதுப் பெண். நேபாளத்தில் எஞ்சியிருந்த ஆட்டக் கரடிகள் இவையே என்றனர். மகிழ்ச்சிச் செய்தி எங்கும் பரவிற்று. ஆயின் அங்கே இவற்றுக்கென ஓர் இடமில்லை. சிறிதுகாலம் ஒரு காப்பகத்தில் இருந்தன. பின்னர்க் காட்மாண்டுப் பக்கத்து விலங்குக் காட்சிச்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே ஸ்ரீதேவி இறந்துபோயிற்று. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு இத்தகைய உயிரைக் கொண்டுசெல்ல இருநாட்டு அனுமதியும் வேண்டுமாதலின், காகிதங்கள் முடிந்து, 2018 ஜூலையில் ரங்கீலா மட்டும் தனியே ஆக்ரா வந்து சேர்ந்தது. அவ்விரண்டும் ஒருங்கே வாழ்ந்து வந்தவை. இதனைப் படித்த அன்று நமக்கு வேறு பாடம் எதிலும் மனம் செல்லவில்லை.

கரடிக்கு மட்டுமன்றிச் சர்க்கஸ் விலங்குகட்கும் இதே நிலைமை வந்ததுண்டு. 1998-இல் இந்திய அரசாங்கத்தார் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்னும் ஐந்தையும் பழக்கி வித்தை காட்டுதலைத் தடைசெய்தனர். உச்ச நீதிமன்றம் 2001-இல் அதனை உறுதிப்படுத்திற்று. அவ்வாறு வெளிவந்த சிங்கங்களும் புலிகளும் சென்ற இடங்களுள் நம் சென்னையை அடுத்த வண்டலூரும் ஒன்று. அங்கு அவற்றை இனம் பெருக்க விடுவதில்லை. காட்சிச்சாலை குட்டி பிறந்தால் இனிப்பு வழங்கும். புகலிடமோ கூண்டுகள் ஒவ்வொன்றாய்க் காலியாவதையே விரும்பி நடக்கின்றது. ஆக்ராவில் அக்காலம் இன்னும் வரவில்லை. ஆடும் கரடிகள் நின்றாலும், காட்டோரங்களிற் பன்றிக்கு வைத்த சுருக்குக் கண்ணியிற் கால் மாட்டியும், கிணற்றில் வீழ்ந்தும் கரடிகள் துன்புறுகின்றன. அவற்றுள் நலமடைந்து காடு திரும்பத் தக்கவை திரும்புகின்றன. அவற்றுக்குப் பல்லும் தாய் கற்பித்ததும் இருக்கின்றனவே.

கயிற்றின் மறுமுனையில் இருந்தவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடநாட்டிற் கரடியாட்டி வாழ்ந்தவர் கலந்தர் என்னும் வகுப்பினர். நிலமில்லை, எழுத்தறிவில்லை, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் சொத்து ஒரு கரடியே. அக்கரடியின் வருவாயில் ஒரு குடும்பம் முழுதும் உண்டது. அவரைக் கொடியவரென்று இகழ்ந்து முடித்துவிடுதல் எளிது. கரடியை மட்டும் பறித்துச் சென்றிருந்தால், அவர் மறுமாதமே கடன் வாங்கி மற்றொரு குட்டியை விலைக்குப் பெற்றிருப்பார். அதன்பொருட்டு மற்றொரு தாய்க்கரடி கொல்லப்பட்டிருக்கும். ஆகையாற் கரடியை ஒப்படைத்த குடும்பங்களிடம் இனிக் காட்டு விலங்கைத் தொடுவதில்லையென்று எழுதி வாங்கிக்கொண்டு, வேறு தொழில் தொடங்கச் சிறு முதல் கொடுத்தனர். சிலர் கடை வைத்தனர், சிலர் வண்டியோட்டினர். பெண்டிர் தையலும் பூவேலையும் கற்றனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர்; அவ்வகுப்பில் பெண்குழந்தைகள் பள்ளிக்குச் செல்லுதல் அதற்குமுன் அரிது. கரடிகளுக்குச் செலவிட்டது போக இதற்கும் செலவிட வேண்டியிருந்ததென்று குறை கூறுவாரும் உளர். இச்செலவு செய்யாதிருந்தால் முன்னைய செலவுக்கு முடிவே இராது என்பது நம் கருத்து.

கலந்தர்களுட் சிலர் வேறெங்கும் செல்லாமற் புகலிடத்திலேயே வேலைக்கு அமர்ந்தனர். கரடியின் உறுமல் எதைக் குறிக்கும், எந்நேரத்தில் அதனருகே செல்லலாகாது என்பன அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டாதவை. அவர் இப்போது கையிற் கோலும் கயிறும் இன்றி, கூழ் வாளியோடு காலையிலும் மாலையிலும் வேலியருகே வருகின்றனர்.